பாடம் கேட்ட மொழிபெயர்ப்பாளர்: அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல்

(மேலகரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம்)



திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரில் நின்றுகொண்டு ஒரு பிரெஞ்சு எழுத்தாளரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அறக்கட்டளையார் மறுப்பின்றி இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் இதைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி வஞ்சி தேசமெல்லாம் சுற்றி வந்தவள். போன நாடுகளை அடுக்கிச் சொல்லவும், தன் மலையின் வளத்தை மார்தட்டிப் பாடவும் அவளால் முடியும். அலைந்து திரிகிற பெண்ணின் அறிவை ஒரு சிற்றிலக்கியத்தின் நடுவில் உட்கார வைத்து அழகு பார்த்த ஊர் இது.

மேலகரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரை இன்றும் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் என்றே சொல்கிறோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்த பிறகு உ.வே.சாமிநாதையர் இவரிடம்தான் தொடர்ந்து பாடம் கேட்டார். நூலைப் படிப்பது ஒன்று. நூலைப் பாடம் கேட்பது வேறொன்று. ஆசிரியரின் குரல், அவர் நிறுத்தும் இடம், ஒரு செய்யுளுக்கு அவர் சொல்லும் பழைய கதை, மாணவன் கேட்கும் ஐயம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் காலத்துப் பாடம்.

அப்படிப் பாடம் கேட்டவர்தான் நான் பேச வந்த பிரெஞ்சு எழுத்தாளர். அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீலை உலகம் திபெத்தின் லாசாவை எட்டிய முதல் ஐரோப்பியப் பெண் என்று நினைவு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 101 ஆண்டு வாழ்ந்த அவருக்கு லாசாவில் கழிந்தது இரண்டு மாதம். மீதி வாழ்வின் பெரும்பகுதி படிப்பிலும் எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும் போயிற்று. அவருடைய மொழிபெயர்ப்பின் பலம், வாழும் ஆசிரியரிடம் காத்திருந்து பாடம் கேட்டதில் இருக்கிறது. அதன் குறைகளும் அங்கிருந்தே பிறந்தவை. இதுதான் நான் இன்று நிறுவ விரும்புவது.

1. நூலகத்தில் தொடங்கிய வழி

1868 அக்டோபர் 24ஆம் நாள் பாரிஸை ஒட்டிய சேன்-மாந்தேயில் பிறந்தார். தந்தை லூயி தாவித் ஆசிரியராகவும் இதழாளராகவும் இருந்த குடியரசுவாதி; 1851ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் பெல்ஜியத்துக்கு நாடு கடந்தவர். தாய் பெல்ஜியத்துக் கத்தோலிக்கர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மீண்டும் பெல்ஜியத்துக்குப் பெயர்ந்தது. அங்கே புவியியல் அறிஞரும் அராஜகவாதியுமான எலிசே ரெக்லூவின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர் எழுதிய முதல் அரசியல் நூலுக்கு ரெக்லூதான் முன்னுரை தந்தார்.

பாரிஸில் கீமே அருங்காட்சியகம் 1889இல் திறந்தது. கீழை நாட்டுச் சமயங்களுக்கென்றே அமைந்த இடம். அதன் நூலகத்தில் உட்கார்ந்துதான் இந்தியாவையும் பௌத்தத்தையும் அவர் முதலில் அறிந்தார். சமஸ்கிருதமும் திபெத்திய மொழியும் பாரிஸிலேயே தொடங்கின. 1890களின் தொடக்கத்தில், ஞானத்தாய் விட்டுச்சென்ற பணத்தில், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். பணம் தீர்ந்ததும் திரும்பினார்.

அதன் பிறகு பிழைப்புக்காகப் பாடகியானார். 1895 முதல் ஹனோய் இசை நாடக அரங்கில் முதன்மைப் பாத்திரங்களைப் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் ஆசிரியரின் ஒலியைப் பிடிக்கும் காது அவருக்கு இருந்ததென்றால், இந்த ஆண்டுகளின் பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். துனிஸில் ரயில்வே பொறியாளர் பிலிப் நீலைச் சந்தித்து 1904 ஆகஸ்டில் மணந்தார். பெண்களே நடத்திய லா ஃப்ரோந்து நாளிதழிலும் எழுதினார். 1911இல் பௌத்தம் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் வெளிவந்தது. நூலகத்தில் கிடைக்கக் கூடியதை அவர் ஏறக்குறைய எடுத்து முடித்துவிட்டார் என்பதற்கு அந்த நூலே சான்று.

2. 1911: நம் பக்கம் வந்தார்

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் கப்பலேறினார். பதினெட்டு மாதத்தில் திரும்புவதாகக் கணவரிடம் சொன்னார், திரும்பியது 1925இல். குறவஞ்சியில் குறத்தி சிங்கியைக் காணாமல் அவள் கணவன் சிங்கன் தேடித் திரிகிறான். பிலிப் நீல் தேடிப் போகவில்லை. பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார், மனைவி எழுதிய கடிதங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். 1975, 1976 ஆண்டுகளில் அக்கடிதங்கள் நூலாயின. அவற்றைவிட நம்பகமான ஆவணம் இவருடைய வாழ்வுக்கு வேறில்லை. இலக்கிய உலகம் பிலிப்புக்குப் பெரிய கடன் பட்டிருக்கிறது.

இலங்கை வழியாகத் தமிழகத்துக்குள் வந்தார். மதுரைக் கோயிலைக் கண்டார். நவம்பரில் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரைச் சந்தித்துத் தத்துவம் பேசினார். சென்னைக்கு வந்ததும் புதுச்சேரியில் என்ன வேலை என்று போலீஸ் உயர் அதிகாரி விசாரித்தார்.

ஏன் விசாரித்தார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் இங்கிருந்து கூப்பிடு தூரத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். வ.வே.சு.ஐயரும் பாரதியும் அரவிந்தரும் அப்போது புதுச்சேரியில் இருந்தார்கள். ஆங்கில அரசின் ஒற்றர்கள் அந்தச் சிறிய நகரத்தை மொய்த்துக் கிடந்தார்கள். பிரெஞ்சுப் பெண் ஒருவர் அரவிந்தரின் வீட்டு வாசலில் இறங்கினால் கவனிக்காமல் விடுவார்களா? செங்கோட்டை இளைஞரின் துப்பாக்கிச் சத்தம் ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் இந்திய நாட்குறிப்பு வரை கேட்டிருக்கிறது.

பாரிஸில் அவருக்கு அறிமுகமான மிர்ரா அல்ஃபாசா 1914இல் புதுச்சேரி வந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ஆர்யா இதழின் பிரெஞ்சுப் பதிப்புக்கு அரவிந்தரின் எழுத்துகளை மொழிபெயர்த்தார். பின்னர் அங்கேயே தங்கி ஸ்ரீ அன்னையானார். டேவிட்-நீல் தங்கவில்லை. வடக்கே போனார்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பிற்காலத்தில் அவர் சமஸ்கிருதத்திலிருந்து பிரெஞ்சுக்குத் தந்த இரண்டு நூல்கள் அஷ்டாவக்ர கீதை (1951), அவதூத கீதை (1958). இரண்டும் அத்வைத நூல்கள். அதே ஞானத்தை ஓதி, விளக்கி, விவாதித்த தமிழ் மரபு ஒன்று இங்கே உயிரோடு இருந்தது. அந்த மரபின் நூலான, தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்தை ஜெர்மானியரான கார்ல் கிரவுல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மொழிபெயர்த்திருந்தார். தமிழகத்தில் டேவிட்-நீல் கோயிலைக் கண்டார், யோகியைக் கண்டார். தமிழ் நூலைப் பாடம் சொல்லும் ஆசிரியர் முன்னால் மட்டும் அவர் உட்காரவில்லை.

3. லாச்சென் மலையில் பாடம்

1912 ஏப்ரலில் காலிம்போங்கில் பதின்மூன்றாம் தலாய் லாமாவைச் சந்தித்தார். திபெத்திய மொழியைக் கற்றுக்கொள் என்பதே அவர் தந்த அறிவுரை. கேட்பதற்கு எளிய சொல். ஆனால் பாரிஸ் வகுப்பில் ஏட்டு மொழி படித்து வந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னால், முதலிலிருந்து தொடங்கு என்றுதான் பொருள். அவர் தொடங்கினார்.

சிக்கிமின் வடக்கே லாச்சென் என்ற மலையூர். அங்கே கோம்சென் என்று மக்கள் அழைத்த ஒரு துறவி இருந்தார். கோம்சென் என்றால் பெரிய தியானி. ஊரிலிருந்து மேலே, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், குகையில் வாழ்ந்தவர். மாணவியாக ஏற்க அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: குறைந்தது ஓராண்டு தன் சொற்படி அங்கேயே இருக்க வேண்டும். டேவிட்-நீல் ஒப்புக்கொண்டார். 1914 முதல் 1916 வரை அந்த மலைப்பகுதிதான் அவர் வாழ்விடம். பனிக்காலத்தில் வழி அடைபட்டுவிடும். அவர் திபெத்திய மொழி கற்றார். ஆசிரியருக்கு ஆங்கிலம் கற்பித்தார். குரு பேசுவார், மாணவி எழுதுவார். ஐயம் எழுந்தால் கேட்பார். சில வினாக்களுக்கு விடை வரும், சிலவற்றுக்கு மறுநாள் வரும், சிலவற்றுக்கு வராது.

நம் மரபில் இதற்கு நேரான ஒரு செய்தி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. சைவ மரபு சிவனிடம் கேட்டதாகச் சொல்லும். ஆசிரியர் யார் என்பதில் கருத்து வேறுபடலாம். அகத்தியரே ஆனாலும் ஒருவர் காலடியில் இருந்து கேட்டே கற்றார் என்பதில் இரண்டு மரபும் ஒத்துப்போகின்றன.

குகையில் கழித்த இந்தக் காலம் அவருடைய மொழிபெயர்ப்பை எப்படி மாற்றியது? திபெத்திய பௌத்த நூல்களில் பல, குருவின் விளக்கம் இல்லாமல் பொருள் தராத சுருக்க வாய்பாடுகள். ஒரு தியான முறையைக் குறிக்கும் தொடரை அகராதி கொண்டு பெயர்த்தால் வெறும் மந்திர ஓசை மிஞ்சும். அந்தத் தொடரைப் பயிற்சியாகச் செய்து பார்த்தவர் வாய்வழியாக விளக்கம் கேட்டால், அது மனத்தின் ஒரு நிலையைச் சொல்வது விளங்கும். 1930இல் வெளிவந்த லாமாக்களின் தீட்சைகள் பற்றிய நூலும், 1951இல் வந்த மறைபொருள் போதனைகள் பற்றிய நூலும் இப்படிக் கேட்டவற்றின் பயன். பேச்சுத் திபெத்திய மொழிக்கு ஓர் இலக்கணமே எழுதி 1954இல் வெளியிட்டார். ஏட்டு மொழிக்கு ஐரோப்பாவில் இலக்கண நூல்கள் ஏற்கெனவே இருந்தன. இவர் எழுதியது வாயில் புழங்கும் மொழிக்கு.

4. கும்பும், லாசா

1916இல் அனுமதியின்றித் திபெத்துக்குள் நுழைந்து ஷிகாட்சே வரை போய் வந்தார் என்பதற்காக ஆங்கில அதிகாரிகள் அவரைச் சிக்கிமிலிருந்து வெளியேற்றினார்கள். ஜப்பான், கொரியா, பீகிங் என்று சுற்றி, 1918இல் சீனாவின் வடமேற்கு எல்லைப் பகுதியில் உள்ள கும்பும் மடத்தை அடைந்தார். அங்கே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தங்கிப் பிரஞ்ஞாபாரமிதை என்னும் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தார். வரலாற்று நூல்கள் இந்த ஆண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. என் கணக்கில் லாசாவைவிடப் பெரிய சாதனை இதுதான்.

லாசாவின் கதை உங்களில் பலர் அறிந்தது. 1923 அக்டோபரில் புறப்பட்டு, முகத்தில் கரிப்பொடி பூசி, கூந்தலில் மை தேய்த்து, யாத்திரை போகும் ஏழைத் தாயாக வேடமிட்டு நடந்தார். உடன் வந்த சிக்கிம் இளைஞர் யோங்டென் மகனாக நடித்தார். 1924இன் தொடக்கத்தில் லாசாவை எட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 55.

அவர் பார்க்கப் போன போதாலா மாளிகைக்கு அந்தப் பெயர், அவலோகிதேசுவரர் உறையும் போதலக மலையால் வந்தது. அந்த மலை தென்னாட்டில், மலய மலையின் அருகே இருப்பதாக 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அது நம் பொதிகைதான் என்பது ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசகாவின் முடிவு. இந்த முடிவு சரியானால், உயிரைப் பணயம் வைத்து டேவிட்-நீல் பனி கடந்து தேடிப் போன இடத்தின் மூலமலை இந்த மண்டபத்துக்குத் தெற்கே நிற்கிறது.

5. முகப்பில் இரண்டு பெயர்

யோங்டென் 1899இல் சிக்கிமில் பிறந்தவர். சிறுவனாக 1914இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமைத்தார், பயண மூட்டை சுமந்தார், மொழிபெயர்த்தார், வழியில் குறி சொல்லி உணவு சம்பாதித்தார், லாமாவானார். 1929இல் டேவிட்-நீல் அவரைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். பிரான்சில் தீஞ் நகரில் இருவரும் வாழ்ந்த வீட்டுக்குச் சாம்டென் ட்சோங், தியானக் கோட்டை, என்று பெயர். 1955இல் யோங்டென் அங்கேயே காலமானார்.

இந்த இருவரின் பெயரும் சேர்ந்தே நூல் முகப்பில் வந்தது. கேசர் காவியம் (1931), மறைபொருள் போதனைகள் (1951), பிரஞ்ஞாபாரமிதை மொழிபெயர்ப்பு (1958) மூன்றிலும் யோங்டென் பெயர் உண்டு. 1954இல் வந்த ஒரு புதினத்தில் ஆசிரியர் யோங்டென், மொழிபெயர்ப்பாளர் டேவிட்-நீல்.

அந்தக் காலத்து வழக்கத்தோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். காலிம்போங்கிலும் காங்டோக்கிலும் டேவிட்-நீலுக்கு முதலில் மொழிபெயர்த்து உதவியவர் காசி தாவா சம்துப் என்ற பள்ளித் தலைமையாசிரியர். திபெத்திய மரண நூல் என்று உலகப் புகழ் பெற்ற நூலை ஆங்கிலத்தில் ஆக்கியவரும் அவரே. அவர் 1922இல் இறந்தார். நூல் 1927இல் பதிப்பாசிரியர் எவன்ஸ்-வென்ட்ஸின் பெயரோடு வந்து, இன்றுவரை அவருடைய நூலாகவே பலர் வாயில் வழங்குகிறது. மொழிபெயர்த்தவர் உள்ளே ஒரு தாளில் நிற்கிறார்.

டேவிட்-நீல் யோங்டெனை எப்போதும் சமமாக நடத்தினார் என்று நான் சொல்ல மாட்டேன். அதிகாரமும் கோபமும் மிகுந்தவர். கடிதங்களே அதைக் காட்டுகின்றன. ஆனாலும் பெயரைப் பறிக்கவில்லை.

6. பாணன் பாடியதை எழுதியது

கேசர் காவியம் திபெத்திலும் மங்கோலியாவிலும் வாய்வழியாக வாழும் மாபெரும் வீரகாவியம். கீழைத் திபெத்தில் ஜ்யேகுண்டோ ஊரில் தங்கியிருந்தபோது ஒரு பாணர் பாடக் கேட்டு டேவிட்-நீலும் யோங்டெனும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பாணர், கேசர் கதையில் வரும் ஒரு மாந்தரின் மறுபிறவியாகத் தன்னைக் கருதியவர். பாடும்போது அவர் வெறும் பாடகர் இல்லை, கதைக்குள் இருப்பவர்.

இதை நீங்கள் எளிதில் உணர்வீர்கள். கொடை விழாவில் கணியான் கூத்து நிகழும்போதும், வில்லிசையில் சாமி வரவு பாடும்போதும், பாடுகிறவர் கதையைச் சொல்வது எங்கே முடிகிறது, சாமி அவரில் இறங்குவது எங்கே தொடங்குகிறது? அந்த இடத்தை அச்சு நூலில் எப்படிக் காட்டுவது? டேவிட்-நீல் பல வடிவங்களைக் கலந்து, சுருக்கி, உரைநடைக் கதையாகத் தந்தார். கதை கிடைத்தது, பாட்டு போயிற்று. பிரெஞ்சு வாசகர் கேசரை அறிந்தார், பாணரின் மூச்சை அறியவில்லை.

7. குறைகள்

இங்கிருந்து அவருடைய குறைகளுக்கு வருகிறேன். அறிஞர்களின் முதன்மையான குற்றச்சாட்டு, எந்த ஏட்டை மொழிபெயர்த்தார் என்று அவர் பெரும்பாலும் சொல்வதில்லை என்பது. குரு சொன்னது எது, நூலில் உள்ளது எது, அவரே சேர்த்தது எது என்று பிரிக்க முடிவதில்லை. இது நியாயமான குற்றச்சாட்டு. பாடம் கேட்ட மாணவருக்கு மூன்றும் ஒன்றாகவே உள்ளே போகின்றன. எழுதும்போது பிரித்துக் காட்டுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை. நம் உரையாசிரியர்கள் மூலம் வேறு, உரை வேறு, மேற்கோள் வேறு என்று அழகாகப் பிரித்து நிறுத்தினார்கள். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் கேட்ட பாடத்தைத்தான் எழுதினார்கள். ஆனால் மூலத்தின் மீது விரலை வைத்துக்கொண்டே எழுதினார்கள்.

அவர் லாசாவுக்கே போகவில்லை என்று 1972இல் ஒரு நூல் வந்தது. போதாலா முன்னால் எடுத்த புகைப்படமும் கணவருக்கு எழுதிய கடிதங்களும் இருக்க, அந்த வாதத்தில் நேரம் செலவிட வேண்டாம்.

8. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே

தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போன வழி பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏரியல் திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்தார். 1955இல் ழான் ஃபிலியோசா புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தைத் தொடங்கிய பின் அந்த வழி அகன்றது. அடுத்த ஆண்டே காரைக்கால் அம்மையாரின் பாடல்கள் காரைவேலனின் மொழிபெயர்ப்பில் வந்தன. 1960இல் மதுரைத் திருவிளையாடல் நூல் வந்தபோது முகப்பில் தேசிகன், பட்டாபிராமின், ஃபிலியோசா என்று மூன்று பெயர்கள். தமிழ்ப் புலவரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போகவில்லை. 1968இல் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் தந்தார். அவரும் தமிழ்ப் புலவர்களோடு உட்கார்ந்து படித்தவர்.

இப்போது நான் கேட்க விரும்புவது ஒன்று. குற்றாலக் குறவஞ்சி ஒரு பிரெஞ்சு மாணவர் கையில் போய்ச் சேரும்போது, அவர் பாரிஸில் அச்சுப் பிரதியையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டுமா, மேலகரத்தில் தொடங்க வேண்டுமா? குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டின் தாளம் அச்சில் பாதிதான் இருக்கிறது. அதைப் பாடத் தெரிந்தவர்களும் ஆடத் தெரிந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வஞ்சி அடுக்கும் மலைச் செல்வத்தில் எந்த மரம் எது, எந்தக் கிழங்கு எந்தச் சரிவில் விளையும் என்பதைக் குற்றால மலையில் ஏறி இறங்கியவர் சொல்ல வேண்டும். கவிராயருக்கு முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் வழங்கிய குறவஞ்சி மேட்டைக் காட்டிக் கதை சொல்ல இந்த ஊரார் வேண்டும்.

அறக்கட்டளையாருக்கு என் விண்ணப்பம் இது. ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்துகிறீர்கள், தொடர்ந்து நடத்துங்கள். அதோடு, வேற்றுமொழியில் தமிழ் நூலை ஆக்க முன்வரும் ஓர் இளைஞர் ஓராண்டு இங்கே தங்குவதற்கு ஓர் அறையும் சாப்பாடும் ஏற்பாடு செய்யுங்கள். கோம்சென் வைத்த அதே நிபந்தனையை வையுங்கள்: ஓராண்டு முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. பாடம் சொல்ல ஒரு புலவரையும் பாடிக் காட்ட ஒரு கலைஞரையும் ஊதியத்தோடு அமர்த்துங்கள். அச்சாகும் நூலின் முகப்பில் மூவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் முதல் வரியாக எழுதுங்கள். மாணவரைத் தேடித் தருவது என் பொறுப்பு.